ஒரே காட்டில் மரநாய், கீரி, நீர்நாய்: எது எங்கே, எப்போது, எதைத் தின்கிறது என்று பார்க்கத் தொடங்குவோருக்கு

போர்னியோத் தீவின் மழைக்காடுகளில் பூனைக் குடும்பத்தில் மட்டும் ஐந்து இனங்கள் இருக்கின்றன. அவற்றோடு பிந்துராங் என்ற பெரிய மரநாய் இனம், மலாய் புனுகுப்பூனை, பட்டை மரநாய், கீரிகள், நீர்நாய்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சிறிய ஊனுண்ணிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு டஜனைத் தாண்டும். பெரும்பாலானவற்றின் எடை ஒன்றிலிருந்து பதினைந்து கிலோவுக்குள்தான். பல இனங்களின் உணவுப் பட்டியலைப் பார்த்தாலும் எலி, தவளை, பூச்சி, நண்டு, பழம் என்று ஒன்றுபோலவே இருக்கும். அப்படியிருந்தும் ஒன்றையொன்று விரட்டிவிடாமல் ஒரே காட்டில் எப்படிக் காலம் தள்ளுகின்றன?

இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கையில் எடுக்கும் மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உணவு கொட்டிக் கிடக்கும் பருவத்தில் மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. கீழே வரும் வேலைகள் எல்லாவற்றையும் உணவு குறைந்த மாதங்களிலும் செய்வதாகத் திட்டமிட்டுக்கொண்டே இறங்குங்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

ரஷ்ய உயிரியலாளர் காவ்ஸ் 1934-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே குடுவையில் ஒரே உணவை நம்பி வளர்ந்த பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியின் இரண்டு இனங்களில் ஒன்று மற்றதை முற்றாக ஒழித்துவிட்டது. ஒரே தேவையுள்ள இரண்டு இனங்கள் ஓரிடத்தில் நெடுங்காலம் நிலைக்க முடியாது என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது. காடு குடுவை அல்ல. அங்கே ஒதுங்க இடமுண்டு, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், வேறு இரை தேடலாம். அதனால் இந்தத் துறையில் எல்லோரும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: இடம், நேரம், உணவு.

மூன்றையும் எல்லா இனங்களுக்கும் சேர்த்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். இரண்டு அல்லது மூன்று இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அளவிலும் வாழும் விதத்திலும் நெருங்கியவையாக இருந்தால்தான் கேள்விக்குப் பொருளுண்டு. மரத்திலேயே வாழும் மரநாயையும் ஆற்றில் நண்டு பிடிக்கும் நீர்நாயையும் ஒப்பிட்டு "இரண்டும் பங்கு பிரித்துக்கொள்கின்றன" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

நல்ல தேர்வு எப்படி இருக்கும் என்பதற்குத் தாய்லாந்தின் ஹுவாய் கா கேங் சரணாலயத்தில் நடந்த நீர்நாய் ஆய்வைச் சொல்லலாம். 1994-இல் வெளியான அந்த ஆய்வு, ஒரே ஆற்றில் வாழும் மூன்று நீர்நாய் இனங்களைக் காலடித் தடங்களையும் எச்சங்களையும் கொண்டு ஒப்பிட்டது. மூன்றிலும் சிறியதான சிறுநக நீர்நாய் நண்டுகளை நம்பியிருந்தது. பெரியதான ஆற்று நீர்நாய் பெரிய மீன்களைப் பிடித்தது. யூரேசிய நீர்நாயின் உணவில் மீனோடு தவளையும் இருந்தது. ஒரே ஆற்றில் இருந்துகொண்டும் இரையைப் பங்கு போட முடிகிறது.

இனப் பட்டியல், அனுமதி

உங்கள் காட்டில் எந்தெந்த இனங்கள் இருக்க வாய்ப்புண்டு என்று பழைய பதிவுகளிலிருந்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை, பகலாடியா இரவாடியா, தரையிலா மரத்திலா, முக்கிய உணவு என்று நான்கு கட்டங்கள் போதும். பதிவேட்டில் அறிவியல் பெயரைப் பயன்படுத்துங்கள். ஒரே உள்ளூர்ப் பெயர் இரண்டு மூன்று விலங்குகளுக்கு வழங்குவது எல்லா நாட்டிலும் உண்டு.

வனத்துறை அனுமதியில்லாமல் கேமரா கட்டுவதோ எச்சம் பொறுக்குவதோ கூடாது. ரேடியோ பட்டை மாட்டும் ஆய்வுகளிலிருந்து அரிய தகவல்கள் கிடைத்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் விலங்கைப் பிடித்து மயக்கி விடுவிப்பது கால்நடை மருத்துவரும் அனுபவசாலிகளும் இருந்து செய்ய வேண்டிய வேலை, புதிதாக வருபவர்களுக்கு உரியதல்ல.

கேமரா வைப்பது

பெரும்பாலான வேலை தானியங்கிக் கேமராவால்தான் நடக்கும். புலி கணக்கெடுப்புக்கு வைத்த கேமராவின் படங்களை வாங்கிப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பயன்படுத்தலாம், ஆனால் அவை அகலமான பாதைகளில் சற்று உயரமாகக் கட்டப்பட்டவை. புதருக்குள் திரியும் கீரி அதில் சிக்குவது தற்செயல். சிறு விலங்குகளுக்குக் கேமராவைத் தரையிலிருந்து 20 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், விலங்கு கடக்கும் தடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஒரு மீட்டருக்குள் வந்தால் படம் வெளிறிப்போகும், மங்கும். கட்டி முடித்ததும் தடத்தில் நீங்களே கையைத் தரையோடு தாழ்த்தி நகர்த்திப் பாருங்கள், கேமரா விழித்துக்கொள்கிறதா என்று. முன்னால் நிற்கும் புல்லையும் பெரிய இலைகளையும் ஓரளவு ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் சூடேறி அசையும் இலை ஒரே நாளில் மெமரி கார்டை நிரப்பிவிடும்.

விழுந்து கிடக்கும் பெருமரங்கள், ஓடைக் கரைப் பாறைகள், பழம் உதிர்ந்த மரத்தடிகள் எல்லாம் நிறையப் படம் தரும். படம் வேண்டுமென்றால் அங்கே வைக்கலாம். ஆனால் பங்கு பிரிப்பைப் படிக்க வந்தவர் எல்லாக் கேமராவையும் அங்கேயே வைத்தால், காட்டின் மற்ற பகுதிகளில் என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக, 500 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஓடை எவ்வளவு தூரம், மேல்விதானம் எவ்வளவு அடைப்பு, கீழ்ப்புதர் எவ்வளவு அடர்த்தி, காட்டின் ஓரம் எவ்வளவு தூரம் என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பருவம் மாறி, புதரின் அளவே வேறாகியிருக்கும்.

கருவாடு, மீன் எண்ணெய், வாசனைத் திரவம் எதையும் வைக்காதீர்கள். இரை வைத்து அழைத்தால் தனித்தனியாகத் திரிந்த விலங்குகளையெல்லாம் நீங்களே ஓரிடத்தில் கூட்டிவிடுகிறீர்கள். அப்புறம் "ஒரே இடத்தில் வாழ்கின்றன" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை.

எத்தனை நாள் வைப்பது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் விலங்கு இருந்து, ஓர் இரவில் அது படத்தில் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், 30 இரவுகளில் ஒருமுறையாவது விழும் வாய்ப்பு ஏறக்குறைய 96 சதவீதம். அதே வாய்ப்பு நூற்றில் மூன்றுதான் என்றால் 30 இரவுகளில் 60 சதவீதம்தான் தேறும். அதாவது அந்த விலங்கு இருக்கும் பத்து இடங்களில் நான்கில் "இல்லை" என்று தவறாகப் பதிவாகும். அரிய விலங்குகளின் விஷயத்தில் இதுதான் நடக்கிறது. ஆகவே "எ என்ற இனம் இருக்கும் இடத்தில் பி என்ற இனம் இல்லை" என்று துள்ளுவதற்கு முன், பி கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று கேளுங்கள். இதற்காகவே 2002-இல் மெக்கென்சியும் கூட்டாளிகளும் ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். ஓரிடத்தில் விலங்கு இருப்பதையும் அது கண்டறியப்படுவதையும் பிரித்து மதிப்பிடும் முறை அது. இரண்டு, மூன்று இனங்களைச் சேர்த்துப் பார்க்கும் வடிவங்களும் பிறகு வந்தன. கணக்கைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யலாம். ஆனால் ஒவ்வோர் இரவுக்கும் "பதிவு உண்டு, இல்லை, கேமரா வேலை செய்யவில்லை" என்று மூன்றாகப் பிரித்து எழுதிவைக்கும் வேலை உங்களுடையது. மூன்றாவதைப் பலர் எழுதுவதே இல்லை.

கேமராவின் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முற்பகல், பிற்பகல் மாறினால் பகலாடிக் கீரி நள்ளிரவில் நடமாடும். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் நேரம் பழைய தேதிக்குப் போய்விடும். கேமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூடும் ஒவ்வொரு முறையும் ஜிபிஎஸ் கருவியின் நேரம் தெரியும்படி அதைக் கேமரா முன் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். நேரம் பிறழ்ந்தாலும் எவ்வளவு பிறழ்ந்தது என்று அந்தப் படத்திலிருந்து கண்டுபிடித்துத் திருத்தலாம்.

மரத்தின் மேல் இருப்பவை

தரைக் கேமராவை மட்டும் நம்பினால் காட்டில் பாதி விடுபட்டுவிடும். தென்கிழக்கு ஆசியாவின் சிறுபல் மரநாய் மரத்திலேயே வாழ்வது. தென்னமெரிக்க, நடு அமெரிக்கக் காடுகளில் வாழும் கிங்கஜூ என்ற சிறு விலங்கும் அப்படியே. ஊனுண்ணி வரிசையில் வாலால் கிளையைப் பற்றிக்கொள்ளக் கூடியவை கிங்கஜூவும் பிந்துராங்கும் மட்டுமே. உறவு முறையில் இரண்டும் வெகுதூரம், வாழும் கண்டங்களும் வேறு. மரக்கிளைகளில் பழம் தேடும் பிழைப்பு இரண்டுக்கும் ஒரே மாதிரி வாலைத் தந்திருக்கிறது.

மரம் ஏறத் தெரிந்தவர் இருந்தால் கிளைகளில் கேமரா கட்டலாம். காற்றில் கிளை ஆடி வெற்றுப்படங்கள் குவியும் என்பதால் தடித்த கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஏற முடியாதவர்களுக்கு இரவு நடைதான் வழி. இருவராக, மெதுவாக, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடந்து, நெற்றி விளக்கில் கண் ஒளிர்வதைத் தேடி, பைனாகுலரில் உருவத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கண் ஒளிரும் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்லாதீர்கள், அது கோணத்துக்குக் கோணம் மாறும். தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், என்ன மரத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். அது பகலில் எங்கே உறங்குகிறது என்பதும் இடப்பங்கீடுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் மரப்பொந்துகளிலும் கொடிப் பின்னல்களிலும் மலை அணிலின் கூடுகளிலும் பகலைக் கழிக்கிறது. பொந்துள்ள முதுமரங்கள் வெட்டப்பட்ட காட்டில் பழம் இருந்தும் படுக்க இடமில்லாமல் போகலாம்.

எச்சம் கழுவுதல்

உணவைப் பற்றித் தெரிந்துகொள்ள எச்சத்தைவிட எளிய வழி கிடையாது. முகம் சுளிக்க வேண்டாம், இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆனால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஊனுண்ணிகளின் எச்சத்தில் மனிதரைத் தொற்றும் புழு முட்டைகள் இருக்கும்.

கிடைத்ததைத் தனித்தனி உறையில் போட்டு, இடம், தேதி, கிடந்த பரப்பு எல்லாம் எழுதுங்கள். யாருடைய எச்சம் என்பதுதான் முதல் சிக்கல். முழு விதைகள் நிறைந்து பாறைமேலோ விழுந்த மரத்தின்மேலோ கிடந்தால் மரநாயாக இருக்கலாம். நண்டு ஓட்டுத் துண்டுகள் நிறைந்து ஆற்றோரம் கிடந்தால் நீர்நாயை நினைக்கலாம், ஆனால் நண்டு தின்னும் கீரிகளும் இருக்கின்றன. வடிவத்தையும் பருமனையும் மட்டும் வைத்து முடிவு கட்டினால், உங்கள் ஊகத்தையே தரவாக்கிவிடுகிறீர்கள். முடிந்தால் ஒரு சிறு பகுதியை எடுத்து டிஎன்ஏ சோதனைக்கு ஆல்கஹாலில் வையுங்கள். முடியாதென்றால் உறுதியில்லாதவற்றைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மீதியை மெல்லிய சல்லடையில் போட்டு, மெதுவாக ஓடும் நீரில் விரலால் அழுத்தாமல் கழுவுங்கள். சேறுபோல் இருப்பது கரைந்து போன பிறகு சல்லடையில் தங்குவதைக் காகிதத்தில் பரப்பிக் காயவையுங்கள். இப்போது தெரியும்: வண்டின் பளபளப்பான முன்னிறகு, மரவட்டையின் வளையத் துண்டுகள், எலியின் முன்பல், பாம்பின் செதில், சிறு பறவையின் இறகுத் தண்டு, அத்தி விதை. மயிரைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேல்தோல் செதில்களின் அமைப்பைக் கொண்டு எந்தப் பாலூட்டி என்று ஓரளவு சொல்ல முடியும். பழங்களைப் பொறுத்தவரை, அதே காட்டில் பழுத்த பழங்களின் விதைகளைச் சேகரித்துப் பெயர் எழுதி ஒரு பெட்டி வைத்துக்கொள்வது அவசியம். அது இல்லாமல் "அடையாளம் தெரியாத விதை" என்றே பாதிப் பதிவேடு நிரம்பும்.

இதில் தெரியாதவையும் உண்டு. மண்புழு கரைந்துவிடும். அதன் உடலிலுள்ள நுண்முட்கள் மட்டும் கழுவிய நீரின் வண்டலில் தங்கும், நுண்ணோக்கியில்தான் தெரியும். தரையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்னும் பட்டை மரநாய் போன்ற விலங்கைப் படிப்பவர் அந்த வண்டலைக் கொட்டிவிடக் கூடாது. எதிர்ப்பக்கத்தில், விதை அப்படியே வந்துவிடுவதால் பழத்தின் பங்கு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

மேற்பொருந்தல் கணக்கு

நேரத்துக்கு, ரிடவுட்டும் லிங்கியும் 2009-இல் தந்த முறை இப்போது எங்கும் வழக்கம். இரண்டு இனங்களின் பதிவு நேரங்களையும் 24 மணி நேர வளைவுகளாக்கி, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பை, அதாவது மேற்பொருந்தலை, 0 (சற்றும் படியவில்லை) முதல் 1 (முழுதும் படிகிறது) வரை அளப்பது. ஒரே விலங்கு கேமரா முன் நின்று பத்துப் படம் கொடுத்திருந்தால் அது ஒரு பதிவுதான். அரை மணி அல்லது ஒரு மணி நேர இடைவெளி வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டில் குறைவான தொகுப்பில் 50 பதிவுகூட இல்லையென்றால் டெல்டா-1 என்ற மதிப்பீட்டையும், 75-ஐத் தாண்டினால் டெல்டா-4 என்பதையும் பயன்படுத்துங்கள். உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஆனால் இரண்டு இரவாடிகளை ஒப்பிட்டால் எண் உயர்ந்துதான் வரும், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதே கேமராவின் முன் ஒன்று போன பிறகு மற்றது வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒதுங்கிப் போகிறதா என்பது அங்கேதான் தெரியும். பகலாடி, இரவாடி என்ற பிரிவு நேரடியாகவே கண்ணில் படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கழுத்தில் கருங்கோடுள்ள பெரிய கீரி பகலில் ஓடையோரங்களில் திரியும், பழுப்புக் கீரி பெரும்பாலும் இரவில்தான் படத்தில் விழும். மடகாஸ்கரின் சிறு ஊனுண்ணிகளில் வளையவால் வொன்ட்சிரா பகலில், ஃபனலோகா இரவில்.

இரண்டு இனங்களின் உணவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்க 1973-இல் சூழலியலாளர் பியாங்கா தந்த குறியீடு எளிது, அதுவும் 0 முதல் 1 வரை. இதில் ஒரு பொறி இருக்கிறது. உணவைப் பழம், பூச்சி, முதுகெலும்பி என்று மூன்றாக மட்டும் பிரித்தால் பல இரட்டைகளுக்கு 0.9-க்கு மேல் வரும். பழத்தை இனவாரியாகவும் பூச்சியைக் குடும்பவாரியாகவும் பிரித்தால் அதே தரவில் எண் சட்டென்று இறங்கிவிடும். எந்த நுணுக்கத்தில் பிரித்தீர்கள் என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் தருபவர்களை நான் நம்புவதில்லை.

உணவுப் பஞ்ச மாதங்கள்

சரி, எண்கள் வந்துவிட்டன. உணவு 0.85 பொருந்துகிறது, போட்டி கடுமை என்று எழுதலாமா? கூடாது. பெரிய அத்திமரம் ஒன்று பழுத்தால் மரநாய், பிந்துராங், குரங்கு, இருவாச்சி எல்லாம் அங்கே வரும். எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கும்போது மேற்பொருந்தல் அதிகமாகத்தான் இருக்கும், போட்டி கொஞ்சமாகத்தான் இருக்கும். பழம் அருகிய மாதங்களில் ஒவ்வொன்றும் தனக்கு மட்டும் எட்டும் உணவுக்குத் திரும்பும். ஒன்று தேனுக்கும் பூவுக்கும், ஒன்று மரப்பட்டை இடுக்கின் பூச்சிக்கும், ஒன்று தரை எலிக்கும். மேற்பொருந்தல் அப்போது குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் உங்கள் விடை.

அதனால் பழமரங்கள் சிலவற்றுக்கு எண் கட்டி, மாதம் ஒருமுறை காய், பழம், ஒன்றுமில்லை என்று குறித்துவாருங்கள். வெறுங்கையால் செய்யக்கூடிய வேலை. இது இல்லாமல் எந்த மாதம் வளம், எந்த மாதம் வறட்சி என்று நாள்காட்டியை வைத்து ஊகிக்க வேண்டிவரும். வெப்பமண்டலக் காடுகளில் மழைக்கும் பழத்துக்கும் உள்ள தொடர்பு இடத்துக்கு இடம் வேறு.

போட்டிதான் காரணம் என்று காட்ட, ஓர் இனத்தை அகற்றிப் பார்ப்பது நேர்வழி. அதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் மனிதர்கள் தெரியாமல் செய்துவைத்த சோதனை ஒன்று இருக்கிறது. 1872-இல் கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்க ஒன்பது சிறிய இந்தியக் கீரிகளைக் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கிருந்து பல தீவுகளுக்கும் பரவின, 1883-இல் ஹவாய் வரை. தாயகத்தின் ஒரு பகுதியில் இந்தக் கீரி தன்னைவிடப் பெரிய கீரிகளோடு சேர்ந்து வாழ்கிறது. தீவுகளில் அப்படி யாரும் இல்லை. 2000-இல் வெளியான ஓர் ஆய்வு மண்டையோடுகளை அளந்து, தீவுகளின் ஆண் கீரிகளுக்குக் கோரைப்பல் பருத்து, பெரிய கீரி இனத்தின் அளவை நோக்கி நகர்ந்திருப்பதைக் காட்டியது. போட்டியாளர் இல்லாத இடத்தில் உடலே மாறுகிறது. எலிகளோ பெரும்பாலும் இரவில் திரிந்ததால் தப்பித்துக்கொண்டன, தீவுப் பறவைகள்தான் பலியாயின.

மூன்றாம் ஆளை மறக்காதீர்கள்

இரண்டு சிறு விலங்குகள் ஒன்றையொன்று ஒதுக்குவதுபோல் தெரிந்தால், இரண்டையுமே கொல்லக்கூடிய பெரிய விலங்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். சிறுத்தை நடக்கும் பாதையைப் புனுகுப்பூனை தவிர்த்தால் அதற்குக் காரணம் மரநாய் அல்ல. கேமராவில் விழும் நாய், மாடு, மனிதர் எல்லாவற்றையும் எண்ணிவையுங்கள், அழித்துவிடாதீர்கள். காட்டின் ஓரங்களில் திரியும் நாய்களும் வீட்டுப்பூனைகளும் சிறு ஊனுண்ணிகளின் இடத்தையும் நேரத்தையும் மாற்றக்கூடியவை.

எழுதும்போது

கேமராவில் அதிகம் விழுந்த விலங்கு எண்ணிக்கையில் அதிகம் என்று எழுதாதீர்கள். பாதையில் நடக்கப் பிடித்த விலங்கு அதிகம் விழும், அவ்வளவுதான். இரண்டு இனங்கள் வேறுவேறு இடத்தில் கிடைத்தால், முதலில் ஒவ்வொன்றுக்கும் என்ன வாழிடம் பிடிக்கும் என்று பாருங்கள். ஓடை, உயரம், அடர்த்தி ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் பிரிவு மிஞ்சினால்தான் ஒன்று மற்றதைத் தவிர்க்கிறது என்ற பேச்சுக்கு இடமுண்டு. அடையாளம் உறுதியாகாத படங்களைப் பக்கத்து இனத்தின் பெயரில் தள்ளாமல் "உறுதியில்லை" என்றே தனிக் கோப்பில் வையுங்கள். இன்ஃப்ரா ரெட் படத்தில் நிறம் தெரியாது, இரண்டு மரநாய்களைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். உறங்கும் பொந்துகளின் துல்லியமான ஜிபிஎஸ் எண்களை எங்கும் வெளியிடாதீர்கள். இறைச்சிக்கும் புனுகுக்கும் மரநாய்க் காப்பிக்கும் (மரநாய் தின்று கழித்த காப்பிக் கொட்டையில் செய்வது) இவற்றைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு பெரிய கட்டமாகக் காட்டினால் படிப்பவருக்குப் போதும்.